இரண்டு பேருக்கு ஒரு பெரிய பானை

சென்ற வருடம் ஒரு போயா நாளில், பௌர்ணமி விடுமுறையன்று நடந்தது. கண்டி டவுனுக்கு மேலே, அம்பிட்டிய போகிற வழியில் ஒரு மாடிவீட்டின் கீழறைக்கு நானும் என் மகளும் முதல்நாள் மாலைதான் குடிவந்திருந்தோம்.

அதற்கு முன் நாங்கள் இருந்தது கட்டுகஸ்தோட்டைப் பக்கம், பிள்ளைகளோடு தனித்து நிற்கும் பெண்களுக்கான ஓர் இல்லத்தில். நான் பன்வில பக்கத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கொழும்பில் வேலை என்று போன கணவர் அங்கேயே இன்னொரு குடும்பம் அமைத்துக்கொண்டார். கைக்குழந்தையோடு நின்ற எனக்குத் தங்க இடம் தந்து, வேலை பழகும் நேரத்தில் பிள்ளையையும் பார்த்துக்கொண்டு, பள்ளி யூனிபோர்ம் தைக்கும் கடையில் வேலையும் வாங்கித் தந்தது அந்த இல்லம்தான். வேலை நிலைத்ததும் தனியாகக் குடிபோக வேண்டும் என்பது அங்குள்ள ஏற்பாடு. இல்லம் தொடங்கி அதிக காலம் ஆகாததால், அப்படிப் புறப்பட்ட முதல் ஆள் நான்.

வீடு தேடியதைச் சொன்னால் அதுவே ஒரு பெரிய கதை. "உங்க வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்பார்கள். இல்லை என்றதும் அறைக்குத் திடீரென்று வேறு ஆள் வந்துவிடும். கடைசியில் இந்த வீட்டு அம்மாதான் சம்மதித்தார். அவருடைய கணவர் டவுனில் கடை வைத்திருந்து காலமானவர். மகன் கட்டாரில் வேலை. அம்மா மட்டும் மாடியில். அவர் போட்டது ஒரே ஒரு நிபந்தனை.

"ஆளுங்க வந்து போறது மட்டும் கூடாதும்மா. நானும் தனியா இருக்கிறவ. ஊரு வாய மூட முடியாது."

எனக்கு யார் வரப்போகிறார்கள் என்று தலையாட்டிவிட்டேன்.

காலையில் எழுந்து புது அறையில் உலை வைத்தேன். இல்லத்துத் தோழிகள் சேர்ந்து ஒரு அலுமினியப் பானை வாங்கித் தந்திருந்தார்கள். மனம் எங்கேயோ இருக்க, கை பாட்டுக்கு அரிசியை அளந்து, கழுவிப் போட்டுவிட்டது. பொங்கி வரும்போதுதான் பார்க்கிறேன், பானை நிறையச் சோறு! இல்லத்தில் என் முறை வரும்போது எல்லாருக்கும் சமைக்கும் அளவு அது. அளந்த எனக்கும் புத்தியில்லை, இரண்டு பேருக்கு அவ்வளவு பெரிய பானை வாங்கியவர்களுக்கும் இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தானா வீட்டு அம்மா எட்டிப் பார்க்க வேண்டும்?

"என்னம்மா இது, ரெண்டு பேருக்கு இம்புட்டுச் சோறா? யாரு வரப்போறா?"

"யாரும் வரல்லம்மா, பழக்க தோஷம்" என்றேன். நம்பின முகமாகத் தெரியவில்லை.

பருப்பை இறக்கிவிட்டுச் சம்பலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது, ரோட்டிலிருந்து ஏறும் படிக்கட்டில் ஒரே சத்தம். வெளியே வந்தால், எங்கள் இல்லமே ஏறி வருகிறது! இடுப்பில் பிள்ளை, கையில் பிள்ளை, ஒருத்தியிடம் புது விளக்குமாறு, இன்னொருத்தியிடம் பலாக்காய்க் கறி. முன்னால் எங்கள் பொறுப்பாளர் மிஸ், புது மண்சட்டியும் பாலுமாக. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. மாடியில் வீட்டு அம்மா இடுப்பில் கைவைத்து நின்றார்.

மிஸ் யாழ்ப்பாணத்துக்காரி. "என்ன பிள்ளை, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாய்? பால் காய்ச்சாமல் குடி வாறதோ?" என்றார்.

புருஷன் இல்லாதவளுக்குப் பால் காய்ச்சுவது ஒன்றுதான் குறைச்சல் என்று நான்தான் அதை விட்டிருந்தேன். பதில் சொல்வதற்குள் வீட்டு அம்மா இறங்கி வந்துவிட்டார்.

"சோத்தப் பார்த்தப்பவே நினைச்சேன். மொத நாளே பொய்யா? வேற இடம் பாத்துக்கம்மா."

அவ்வளவுதான். கட்டிய பையை இன்னும் முழுதாக அவிழ்க்கவில்லை, திரும்பக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். முதலில் போனவளே விரட்டப்பட்டால் மற்றவர்களுக்கு எங்கிருந்து தைரியம் வரும்?

மிஸ் வாதாடவில்லை. பாலை வீட்டு அம்மாவிடம் நீட்டினார். "பிழை எங்கட. சொல்லாமல் வந்திட்டம். நாங்கள் போயிடுறம். ஆனால் வீடு உங்கட, முதல் பாலை நீங்கள் ஊத்தித் தாங்கோ."

வீட்டு அம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "நான் கூடாதுங்க. அவரு போனதுல இருந்து நல்ல காரியத்துல கை வைக்கிறதில்ல."

"இதில நிக்கிற ஒருத்திக்கும் பக்கத்தில புருஷன் இல்லையம்மா. பிறகு ஆர் ஊத்துறது?"

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். வீட்டு அம்மா எங்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். பிறகு மாடிக்குப் போய்விட்டார். முடிந்தது என்று நான் செருப்பைத் தேடினேன்.

திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு குத்துவிளக்கு. அலுமாரிக்குள் இருந்து எடுத்தது போலும், சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இறங்கினார். விளக்கை ஏற்றி, சட்டியில் பாலை ஊற்றினார். பால் பொங்கி வழிந்ததும் பிள்ளைகள் கைதட்டிக் கூத்தாடினார்கள். அவர் மட்டும் அழுதார். எனக்கும் அடக்க முடியவில்லை.

சாப்பிட உட்கார்ந்தபோது கரண்டியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்ட வீட்டு அம்மா, பானைக்குள் பார்த்துக் கவலையோடு கேட்டார்: "இவ்வளவு பேருக்கு இந்தச் சோறு பத்துமா?" கேட்டதோடு நிற்காமல் மாடியில் இன்னொரு உலையும் வைத்துவிட்டு வந்தார்.

இன்றும் நாங்கள் அந்த அறையில்தான் இருக்கிறோம். என் பின்னால் இல்லத்திலிருந்து இன்னும் சிலர் குடிபோய்விட்டார்கள். அவர்கள் வீட்டிலெல்லாம் முதல் பாலை ஊற்றியது எங்கள் வீட்டு அம்மாதான். புதுச் சேலை கட்டி, விளக்கையும் பையில் வைத்துக்கொண்டு, எனக்கு முன்பே பஸ்ஸுக்கு நிற்பார். எனக்கு யார் வரப்போகிறார்கள் என்று அன்று தலையாட்டிய நான், ஒவ்வொரு போயாவுக்கும் அந்தப் பெரிய பானையை நிறைத்துவிட்டு, மாடிப்படியில் அவர் இறங்கி வரும் சத்தத்துக்குத்தான் காத்திருக்கிறேன்.