நுரையைப் படம் பிடித்தவன்

ஆற்காடு பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். மெட்ராஸ் பேருந்தின் கண்டக்டர் படியிலிருந்தபடியே சொன்னார்: "சார், நம்ம டிவிக்காரரு போய்ட்டாரு." என் நண்பன் தேவசகாயம் டிவி நிலையத்துக்கு அனுப்பும் படச்சுருள் டப்பாக்களை ஆம்பூரிலிருந்து மெட்ராசுக்கு எத்தனையோ வருஷம் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர். அன்று அவர் கை வெறுமையாக இருந்தது.

அவனை அறிந்தவர்களுக்காக எழுதுகிறேன். 'அவர்' என்று எழுதினால் கல்லறையிலிருந்து எழுந்து வந்து திட்டுவான் என்பதால் 'அவன்' என்றே எழுதுகிறேன். ஆம்பூரில் கல்யாண போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். பிறகு நான் வேலை பார்த்த பத்திரிகைக்குப் படம் கொடுத்தான். டிவி வந்ததும் பழைய பிலிம் கேமரா ஒன்றை வாங்கி, மாவட்டச் செய்தியாளன் ஆகிவிட்டான். அந்தக் கேமராவுக்குப் பேச்சு வராது. "பேசறதுக்கு நான் இருக்கேன்டா" என்பான். உண்மைதான், வாயை மூடவே மாட்டான்.

பாலாற்றங்கரையில் ஒரு கிராமத்தின் குடிநீர்க் கிணறு கெட்டுவிட்டது. ஆற்றின் மேல்பக்கம் ஒரு தோல் தொழிற்சாலை, அதன் கழிவுநீர் கிணற்றில் ஊறியது. தண்ணீர் டிகாஷன் நிறத்தில் கிடந்தது. வேறு தண்ணீர் இல்லாததால் ஜனங்கள் அதையே குடித்தார்கள், குழந்தைகளுக்கு வயிற்றால் போனது. தேவசகாயம் கிணற்றை நாலு பக்கமும் சுற்றிப் படம் எடுத்து அனுப்பினான். செய்தி வந்த மாலை ஊரே பஞ்சாயத்து டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. நாங்களும் போயிருந்தோம்.

கறுப்பு வெள்ளைத் திரையில் கிணற்றுத் தண்ணீர் பளபளவென்று தெரிந்தது. நிறம் காட்டாத பெட்டியில் நிறத்தைக் காட்டப் போயிருக்கிறோம் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. "இன்னாய்யா, எங்க கிணத்தக் கழுவிக் காட்டிட்டியா?" என்று ஒரு அம்மாள் கேட்டாள். தேவசகாயம் வாய் திறக்கவில்லை. அவன் பேசாமல் இருந்ததைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது.

மறுநாள் கேமராவை என் கையில் கொடுத்தான். "கலரு தெரியாது. நுரை தெரியும். பட்டனை அமுத்து" என்றான். கிணற்றில் இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, இரண்டு கையாலும் அடித்தான். வெள்ளை வெளேரென்று நுரை எழும்பி அவன் மார்பை மூடியது. போதும் ஏறிவா என்று நான் கத்தக் கத்த அடித்துக்கொண்டே இருந்தான். அடுத்த வாரம் அவன் காலில் தோல் உரிந்தது.

இந்த முறை திரையில் தெரிந்தது. கிணற்றை மூடினார்கள், ஊருக்குத் தண்ணீர் லாரி வந்தது. தொழிற்சாலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அங்கிருந்து மேஸ்திரி ஒருவர் அவன் வீடு தேடி வந்தார். அதட்டவெல்லாம் இல்லை, காப்பி குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "எதுக்கு சார் பேஜாரு? உங்க ஊட்டுக் கிணறு ஒண்ணும் ஜாஸ்தி தூரத்துல இல்லையே." மிரட்டல் என்றுதான் நாங்கள் நினைத்தோம். மனிதர் நடக்கப்போவதைத்தான் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கிணற்று நாளுக்குப் பிறகு அவனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்த வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும் நுரை கட்டுகிறதா என்று தம்ளரை ஒரு முறை ஆட்டிப் பார்த்துத்தான் குடிப்பான். "நாளைக்குச் சம்பந்தி வீட்டிலும் இப்படித்தான் செய்வியா?" என்று கேலி செய்வேன். என்னையும் அறியாமல் அது எனக்கும் வந்துவிட்டது. அவனிடமிருந்து என்னிடம் தங்கியது அது ஒன்றுதான்.

அவனுக்குச் சிறுநீரகம் போய்விட்டது என்றார்கள். ஏன் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. கடைசி மாதங்கள் ஆஸ்பத்திரியிலேயே கழிந்தன. அடக்கம் முடிந்து அவன் வீட்டுக்கு வந்தோம். இரண்டு குழந்தைகளும் மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் மனைவி கிரேஸ் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். "குடிங்கண்ணே. வெயில்ல வந்திருக்கீங்க. நம்ம கிணத்துத் தண்ணிதான்."

கை தானாகத் தம்ளரை ஆட்டியது. விளிம்பில் வெள்ளையாக நுரை கட்டி, அப்படியே நின்றது. கிரேஸ் அதைப் பார்த்தாள். பிறகு குழந்தைகளைப் பார்த்தாள்.