வாடை அடிக்காத வேன்

காலை ஐந்து பத்து. முதலில் கண்ணில் பட்டது வேனின் ஒற்றை விளக்கு. தன் பக்கத்தை விட்டு, எதிர் ஓரத்துக் கரிசல் மண்ணை உரசிக்கொண்டு வந்தது.

கழுகுமலைச் சாலையில் இருந்து பெண்களைத் தீப்பெட்டி ஆபீசுக்கு ஏற்றிப்போகும் வேன் அது. ஓட்டுபவர் அத்தான், என் அக்காவின் கணவர். அக்காவும் அதில்தான் வேலைக்குப் போவாள்; அன்று அவளோடு நானும் வேன் நிற்கும் இடத்துக்கு வந்திருந்தேன். முந்தைய ஆண்டு அவர் குடித்துவிட்டு வேனை ஓடையில் இறக்கியதில் இரண்டு பெண்களுக்குக் கால் முறிந்தது. அதிலிருந்து ஒரு வழக்கம்: வயதில் மூத்தவள் முகத்தில் அவர் ஊத வேண்டும். வாடை அடித்தால் யாரும் ஏறமாட்டார்கள். நான்கு மாதமாக வாடை இல்லை. குடியை விட்டுவிட்டார் என்று ஊரே சொன்னது.

முந்தைய நாள் மாலை கோவில்பட்டியில் ஒரு விவாதக் கூட்டத்துக்குச் செய்தி எடுக்கப் போயிருந்தேன். அரசே மதுக்கடை நடத்தும்போது கஞ்சாவை மட்டும் ஏன் தடுக்க வேண்டும் என்றார் ஒரு வக்கீல். பின்வரிசையில் இருந்த லாரி டிரைவர் எழுந்து, ஊதச் சொன்னால் அது தெரியாதே, ரோட்டில் எப்படிப் பிடிப்பீர்கள் என்று கேட்டார். அது வேறு கேள்வி என்றார் வக்கீல். நான் எழுதிய செய்தியில் லாரி டிரைவர் இல்லை.

வேனை நிறுத்தி இறங்கிய அத்தான், மூத்தவள் முகத்தில் குனிந்து ஊதினார்.

"சந்தன வாசம்லா வருது. மாப்பிள்ளை கணக்கா இருக்கீரு" என்றாள் மூத்தவள். பெண்கள் சிரித்து முடித்த பிறகு அத்தான் சிரித்தார். கண்கள் சிவந்திருந்தன.

அக்காவைத் தனியே அழைத்து, கஞ்சாவா என்று கேட்டேன்.

"தெரியும். குடியை விட்ட அன்னையில இருந்தே தெரியும்" என்றாள். "சொன்னா ஒங்க அத்தானுக்கு வேலை போயிரும். மறுபடி குடிக்கப் போவாவ. நான் எங்கன போவேன்?"

நானே மூத்தவளிடம் போய்ச் சொன்னேன். வேனை இன்று எடுக்க விடாதீர்கள் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வாடை இல்லியே தம்பி" என்று சொல்லி, தூக்குச்சட்டியோடு ஏறினாள். மற்றவர்கள் அவள் பின்னால் ஏறினார்கள். வேனின் குறுக்கே போய் நின்றேன். சம்பளம் போகுது, தள்ளுங்க என்று உள்ளிருந்து ஒருத்தி சத்தம் போட்டாள். தள்ளி நின்றேன்.

அக்கா கடைசியாக ஏறினாள். பின்னால் இடம் இருந்தும் முன்னால் போய், எஞ்சின் மூடியின் மேல் உட்கார்ந்து, வலது கையை ஹேண்ட் பிரேக்கில் வைத்துக்கொண்டாள்.

வேனில் பத்தொன்பது பேர் இருந்தார்கள்.