காணிக்கையை வைத்துவிட்டு வந்தவர்

ஈரக் கயிறும் டீசலும் கலந்த வாசனை. எந்தத் துறைமுகத்தில் மூக்கில் ஏறினாலும் எனக்கு அது தீவுகளின் வடக்கே இருக்கும் மாயாபந்தர்தான். அறுபதுகளின் கடைசியில், மழை விட்ட ஒரு திங்கட்கிழமைக் காலைதான். கப்பல் அணையும் ஜெட்டியை ஒட்டிய அலுவலகத்தில் நான் குமாஸ்தா.

"பாபுஜி, கோயி மில்னே ஆயா," என்றார் பியூன்.

பார்க்க வந்து வாசலில் நின்றவரைக் கண்டதும் பேனாவை மூடினேன். ஓராண்டாக நான் முகம் கொடுக்காமல் ஒதுக்கியிருந்த மனிதர்.

தூத்துக்குடிப் பக்கத்து மீனவர். தெற்கே, தீவுகளின் தலைநகரில் நான் வேலை பார்த்தபோது, மரைன் ஹில்லில் எனக்கு அடுத்த வீடு. ஒருநாள் நான் இல்லாத நேரத்தில் வந்த என் தந்தியைக் கையெழுத்துப் போட்டு வாங்கினார். சட்டைப் பையில் வைத்தார், கடலுக்குப் போனார், மறந்தார். அம்மா கவலைக்கிடம் என்ற அந்தத் தாள் மூன்றாம் நாள் என் கைக்கு வந்தபோது மெட்ராஸ் கப்பல் போய்விட்டிருந்தது. அடுத்த கப்பலுக்கு இரண்டு வாரம். அம்மாவுக்கு அவ்வளவு நாள் இல்லை. அவரிடம் நான் ஒரு சொல் சொல்லவில்லை. மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு வடக்கே மாயாபந்தருக்கு வந்துவிட்டேன்.

"சரக்கு இறக்குற வரைக்கும்தான் கப்பல் நிக்குமாம், அண்ணாச்சி. மூணு மணி நேரம்," என்றார். கையில் ஒரு பை கூட இல்லை.

"எதுக்கு வந்தீங்க?"

"நேத்து மாதா கோயில் பூசையில காணிக்கை கொடுக்கப் போனேன். ஒரு சேவல். பாதி வழியில உங்க மொகம் வந்துட்டு. ஒருத்தருக்கு நம்ம மேல மனத்தாங்கல் இருந்தா, காணிக்கைய அங்கனயே வச்சிட்டு மொதல்ல போயி சமாதானம் ஆகணும்னு வேதத்துல இருக்கு. வச்சிட்டு வந்துட்டேன்."

"சேவலையா?"

"பீடத்துக்கு முன்னால கம்பியில கட்டிட்டு நேரே ஃபீனிக்ஸ் பே கப்பல்துறை. சாமியார் கத்துறாரு, 'யோவ், இத வெளிய கட்டுய்யா'ன்னு. அது அவரவிடச் சத்தமா கூவுது."

சிரித்துவிட்டேன். சிரித்ததற்காக என் மேலேயே எரிச்சல் வந்தது.

"கோவம் எனக்கு. அப்ப நான்தானே வரணும்?"

"அது எப்படி? வருத்தப்படுத்தினவன்தான் வரணும்." சற்று நிறுத்தினார். "மன்னிச்சிருங்கன்னு கேக்க வரல, அண்ணாச்சி. அன்னைக்கு நீங்க திட்டவே இல்ல. அது உள்ளேயே கெடக்கும்லா? திட்டுங்க. கேட்டுட்டுப் போறேன்."

ஜெட்டியின் கடைசிக்கு அழைத்துப் போனேன். திட்டினேன். அம்மா வாசலைப் பார்த்தபடியே கிடந்தாளாம், வந்துட்டானா, வந்துட்டானா என்று கேட்டாளாம், கடிதத்தில் அக்கா எழுதியதெல்லாம் என் வாயிலிருந்து அவர் மேல் விழுந்தது. வங்காளி டீக்கடைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். கடல், அலைச்சல், மறதி, எதையாவது சொல்லி அவர் தப்பியிருக்கலாம். தப்பப் பார்க்கவில்லை. தலையைக் குனியவும் இல்லை; என் முகத்தையே பார்த்துக்கொண்டு முழுவதையும் வாங்கிக்கொண்டார். கடைசியில், "அம்மா பேரு என்ன?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். ஒருமுறை தானும் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் பழகியிருந்தார். வேதம் அவருக்குக் காதால் கேட்டதுதான். அந்த ஒரு வரிக்காக இரவெல்லாம் கப்பல் தளத்தில் நனைந்துகொண்டு வந்திருக்கிறார். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் வேதத்திலிருந்து எனக்கு அழகாக எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். எவர் சட்டையும் நனைந்திருக்கவில்லை.

டீ வாங்கிக் கொடுத்தேன். இருவரும் குடித்தோம். கப்பலில் மாலுமிகளின் தலைவரான சாரங்கு, "ஜல்தி ஆவ்!" என்று அவசரப்படுத்திக் கையாட்டினார்.

கப்பலேறும் பலகையில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினார்.

"போச்சா, அண்ணாச்சி?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "பாதி போச்சு."

"சரி. மீதிக்கு அடுத்த கப்பல்ல வாரேன்."

"வேண்டாம். மீதிக்கு நான் வர்றேன்."