சுங்கக்காரம்மாவின் மேசை

அந்த அம்மாள் என் பையிலிருந்து இஸ்திரிப் பெட்டியை வெளியே எடுத்து, "கடல் அலைக்கு மடிப்பு எடுக்கப் போறீங்களா?" என்று கேட்கிறார். அடுத்து, தலையணை கனத்தில் இரண்டு நாவல்கள். மூன்றாவது ஜோடிச் செருப்பு. "இதையெல்லாம் நீங்க சுமக்கறீங்களா, உங்க முட்டி சுமக்குதா?"

கடலோரப் பாறை மேல் இருக்கும் பழைய சுங்க அலுவலகம் அது. இடிந்து கிடந்ததைப் பழுதுபார்த்து, கரையோரப் பாதையில் நடைப்பயணம் போகிறவர்கள் தங்க விட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு கட்டில், ஒரு அடுப்பு, ஈரத்துணிக்கு ஒரு கொடி. கப்பலில் வந்த மூட்டைகளைப் பிரித்துச் சோதித்த நீள மேசையை மட்டும் அப்படியே விட்டுவைத்தார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. பொறுப்பாளராக வந்த அம்மாள் அதன் மேல் எங்கள் பைகளைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். பறிமுதலான சாமான்கள் வேனில் பாதையின் மறுமுனைக்குப் போய்ப் பத்திரமாகக் காத்திருக்கும்.

முன்பு இருபது வருடம் எலும்பு முறிவு வார்டில் ஆயாவாக இருந்தவர். "போகும்போது எல்லாரும் ஜோராத்தான் போவாங்க. ஸ்ட்ரெச்சர்ல வரும்போது ஒரு பக்கம் பிடிச்சவ நானு."

என் பை இளைத்த அன்று மாலையே நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. பையைக் குடைவதாக மூன்று புகார்கள். இன்னொன்று வந்தால் வேலை போய்விடும், கூடவே மாடியில் அவர் குடியிருக்கும் அறையும். வேறு வீடு அவருக்குக் கிடையாது. "இனி எவர் பையையும் தொட மாட்டேன்டி" என்று மகளுக்குப் போனில் சத்தியம் செய்தார்.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார், முட்டியில் பட்டை சுற்றிய ஒருவர். பை ஆள் உயரம். "என் பை, என் முதுகு. தொட்டீங்கன்னா எழுதிப் போட்டுருவேன்" என்று முன்கூட்டியே அறிவித்தார். யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

காலையில் அம்மாள் கழுவிய கோப்பைகளையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். அந்த ஆள் பையை மாட்டிக்கொண்டு வாசற்படி இறங்கினார். மூன்றாவது படியில் முட்டி மடங்க, சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, பையை இறக்குங்க."

"எழுதுவேன்னு சொன்னேனா இல்லையா?"

வாயை மூடிக்கொண்டு இருக்கக்கூடாதா இந்த அம்மாள்?

அம்மாள் அந்த ஆளைக் கைத்தாங்கலாக உள்ளே மேசைக்குக் கூட்டி வந்தார். புகார் நோட்டை எடுத்து வந்து, வெற்றுப் பக்கமாகப் பிரித்து, மேசை மேல் வைத்தார். பேனா மூடியைக் கழற்றி அந்த ஆளின் கையில் கொடுத்து, உட்கார நாற்காலியையும் இழுத்துப் போட்டுவிட்டு, பையின் வாரை அவிழ்க்கத் தொடங்கினார்.