ஆளில்லாத ஊரின் பஸ்

என் குடையைப் பார்த்ததும் ஊர்கள் காலியாகிவிடும். அப்படி ஒரு வேலை எனக்கு. அம்மை குத்துகிற வேலை. திண்டுக்கல்லில் நாகல் நகரில் ஓர் அறை எடுத்துத் தங்கிக்கொண்டு வேடசந்தூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய் வருவேன். கையில் ஒரு தோல்பை. அதற்குள் அம்மைப்பால், பஞ்சு, ஸ்பிரிட் விளக்கு, வட்டத் தலையில் பொடிப்பொடியாகப் பற்கள் வைத்த ஒரு கருவி. அதைக் கையில் அழுத்தி ஒரு திருகு திருகினால் வேலை முடிந்தது. எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும் என்று எல்லாரிடமும் சொல்வேன். அது பொய். நன்றாகவே வலிக்கும்.

ஓடைக்கரையில் என் கறுப்புக் குடை தெரிந்தால் போதும், மாடு மேய்க்கிறவர்கள் யாராவது ஊரைப் பார்த்துக் குரல் கொடுத்துவிடுவார்கள். நான் போய்ச் சேர்கிறபோது தெருவில் கோழிகள் மட்டும் நிற்கும். ஆட்டுக்கல்லில் பாதி அரைத்த மாவு அப்படியே கிடக்கும். தூளி ஆடிக்கொண்டிருக்கும், உள்ளே பிள்ளை இருக்காது. குதிருக்குள், வைக்கோல் படப்புக்குப் பின்னால், கம்பங்காட்டுக்குள் என்று பிள்ளைகளோடு போய் ஒளிந்துகொள்வார்கள். கூட வருகிற தலையாரியும் அந்த ஊர்க்காரர்தானே.

"ஆளெல்லாம் காட்டுக்குப் போயிட்டாகம்மா" என்பார்.

"அப்ப அந்த அடுப்புல உலை வச்சது யாரு?"

"அது காலையிலயே வச்சதா இருக்கும்மா."

மத்தியானத்தில் உலை தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். ஆனால் அவர்கள் பயத்துக்கும் காரணம் இருந்தது. குத்தினால் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், கை வீங்கும், காட்டு வேலைக்குப் போகிற தாய் நாலு நாள் வீட்டில் உட்கார வேண்டும். அதோடு மாரியம்மன் கோபித்துக்கொள்வாள். என் முகத்தைப் பார்த்தால் இன்னும் மோசம். சின்ன வயதில் எனக்கு அம்மை போட்டது. என் அம்மாவையும் தங்கையையும் கொண்டுபோய்விட்டு, என்னை முகம் நிறையத் தழும்போடு விட்டுப் போனது. "மாரியாத்தா இவ மூஞ்சியில முத்துப் போட்டு விளையாடியிருக்கா, அவளையே வெரட்ட வந்துட்டா பாரு" என்று ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து பேசியது என் காதில் விழுந்திருக்கிறது.

நம் பக்கத்தில் பிடிக்காத சம்பந்தி கிளம்பினால்கூட "போயிட்டு வாங்க" என்றுதான் சொல்வார்கள். என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. "போங்கம்மா" என்பார்கள். திரும்பி வரச் சொல்ல யாருக்கும் மனசு இல்லை. இது சின்ன விஷயம்தான். ஆனால் வருஷக்கணக்கில் கேட்டால் மனசில் படிந்துவிடும்.

அந்தக் கோடையில் ஆற்றுக்கு அக்கரை ஊரில் அம்மை வந்துவிட்டது. இக்கரையில் ஒரு சின்ன ஊரை நான் விடாமல் சுற்றினேன். கெஞ்சியும் அதட்டியும் பாதிப் பேருக்குக் குத்தியாகிவிட்டது. மிச்சத்தில் ஒரு வீடு துளியும் அசையவில்லை. வாசலில் முருங்கை மரம் நின்ற ஓட்டு வீடு. புருஷன் ஊர் ஊராகப் போய்க் கிணறு வெட்டுகிறவர். வீட்டில் இளவயதுப் பெண் ஒருத்தி, ஐந்து வயதுப் பையன், ஒரு கைக்குழந்தை. இவ்வளவும் தலையாரி வாய் தவறிச் சொன்னது. நான் போய்க் கதவைத் தட்டினால் உள்ளே மூச்சுச் சத்தம்கூட இருக்காது. ஒரு நாள் சலித்துப்போய்த் திரும்பும்போது கதவிடுக்கில் ஒரு கண்ணைப் பார்த்தேன். என் இடுப்பு உயரத்தில், பளபளவென்று, இமைக்காமல் பார்த்த கண். நான் பார்த்ததும் அது பின்வாங்கவில்லை. பிறகு உள்ளிருந்து ஒரு கை இழுத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகள்தான் எனக்கு ஆகாது. அன்றைக்கு நான் வாயைத் திறப்பதே பல் விளக்கத்தான். வீட்டுக்காரம்மா நல்ல மனுஷிதான். ஆனால் என் தோல்பைக்குள் அம்மை இருக்கிறது என்று பிள்ளைகளை என் அறைப் பக்கமே விடமாட்டார். அண்ணன் மதுரையில் குடும்பமாக இருந்தான். அங்கே போனால் அண்ணி என் தட்டைத் தனியாக வைப்பாள். அதனால் போவதை விட்டுவிட்டேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவுக்குப் போனபோது ஒரு சினிமா போஸ்டரைப் பார்த்தேன். காலைக் காட்சி, இங்கிலீஷ் படம். ஆளே இல்லாத தெருவில் ஒரு பஸ் மட்டும் நின்றது. அந்தத் தெரு எனக்கு ரொம்பப் பழகினதாகத் தெரிந்தது. நேரே கொட்டகைக்குப் போய்விட்டேன்.

"இங்கிலீஸ் படம்மா. பொம்பளைக யாரும் வரமாட்டாக" என்றார் டிக்கெட் கொடுப்பவர்.

"நான் வந்திருக்கேன்ல."

"ஒத்தையா ஒக்காந்துக்கிருவீகளா?"

"ஒத்தையாத்தான் இருக்கேன். குடுங்க."

அவர் சாவியைத் தேடி எடுத்துவந்து பெண்கள் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். அப்போதெல்லாம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் தோள் உயரத்துக்கு ஒரு சுவர் இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் பீடிப் புகையும் சீட்டியும். இந்தப் பக்கம் அத்தனை பெஞ்சுகளுக்கும் நான் ஒருத்தி.

எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. அந்தப் படத்துக்கு அது போதும். ஏதோ ஒரு விஷக்காய்ச்சல் வந்து உலகமே செத்துப்போகிறது. ஒரு பஸ் டிரைவர் மட்டும் தப்பிக்கிறார். அவருக்கு வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. தினம் காலையில் தொப்பியை மாட்டிக்கொண்டு பஸ்ஸை எடுத்துவிடுகிறார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிறுத்துகிறார். கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கிறார். யாரும் ஏறுவதில்லை. மூடிக்கொண்டு அடுத்த நிறுத்தத்துக்குப் போகிறார். மேசைகளில் சாப்பாடு பாதியில் கிடக்கிறது. ஒரு வீட்டில் ரேடியோ தானாக இரைந்துகொண்டிருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் பாக்கியில்லாமல் வாயடைத்துப் போனார்கள். எனக்குப் பயமே வரவில்லை. திங்கள் முதல் சனி வரை நான் பார்க்கிற ஊர்தானே அது. அந்த மனுஷன் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தபோது மட்டும் பெஞ்சு நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தேன்.

பிறகு ஒரு வீட்டு ஜன்னலில் திரை லேசாக அசைந்தது. இசை நின்றது. திரைக்கு நடுவில் ஒரு கண்.

ஆண்கள் பக்கம் "ஐயோ" என்று ஒரே கூச்சல். நான் சிரித்துவிட்டேன். கேலிச் சிரிப்பு இல்லை. உள்ளே ஆள் இருக்கிறது என்ற சந்தோஷம். முருங்கை மர வீட்டுப் பையன் ஞாபகம் வந்து, அடக்க முடியாமல், சத்தமாகவே சிரித்துவிட்டேன்.

யாருமில்லாத பெண்கள் பக்கத்தில், இருட்டில், ஒரு பொம்பளைச் சிரிப்பு. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. பெஞ்சு சாய்கிற சத்தம் கேட்டது, யாரோ கத்தினார்கள், படம் நின்று விளக்கு எரிந்தது. சுவருக்கு மேலே வரிசையாகத் தலைகள் எட்டிப் பார்த்தன. அதில் ஒரு மில் தொழிலாளி என்னை அடையாளம் கண்டுகொண்டான்.

"ஏலே, பேயில்லடா. அம்மை குத்துற அம்மா."

அதைக் கேட்டு நாலைந்து பேர் உட்கார்ந்தார்கள். பேய்க்குப் பயந்து ஓடாத ரெண்டு பேர் அப்போதுதான் எழுந்து வெளியே போனார்கள்.

எனக்கு அவமானமாகிவிட்டது. குடையை எடுத்துக்கொண்டு நானும் எழுந்து வந்துவிட்டேன். அந்த பஸ்ஸில் கடைசியில் யாராவது ஏறினார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறு படம் மாற்றிவிட்டார்கள்.

ஆனால் அந்த டிரைவர் எனக்கு ஒன்றைக் காட்டிவிட்டார். அதற்குப் பிறகு முருங்கை மர வீட்டில் நான் கதவைத் தட்டவில்லை. தலையாரியை டீக்கடையில் விட்டுவிட்டுத் தனியாகப் போய் மரத்தடிக் கல்லில் உட்கார்ந்துகொள்வேன். செத்த நேரம் இருந்துவிட்டு எழுந்து வருவேன். அவ்வளவுதான். கதவிடுக்கில் கண் வரும். நான் கன்னத்தை உப்பிக் காட்டுவேன். மாறுகண் போட்டுக் காட்டுவேன். ஒரு நாள் உள்ளே அவன் களுக்கென்று சிரித்தான். உடனே முதுகில் அடி விழுந்த சத்தம் கேட்டது.

"போங்கம்மா. எங்க புள்ளைகளுக்கு ஒண்ணும் வராது" என்று அவள் உள்ளிருந்து சொன்னாள்.

"வராமத்தான் இருக்கணும்" என்றேன். மறுபடியும் போனேன். கண் வந்தது. அதைப் பார்ப்பதற்காகவே பஸ் ஏறுகிற மாதிரி ஆகிவிட்டது எனக்கு. ஊரில் என்னைப் பார்க்க ஓடி வருகிற ஒரே ஆள் அவன்தான்.

பிறகு ஒரு நாள் போனபோது கதவு திறந்திருந்தது. நிலையில் வேப்பிலைக் கொத்து.

அவள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். எனக்குப் பத்து வயதாவது இளையவள். உள்ளே வேப்பிலை மேல் பையன் படுத்திருந்தான். அம்மை முகத்தை மூடியிருந்தது. கண் திறக்க முடியவில்லை. அம்மன் இறங்கியிருக்கிற வீட்டில் என் பையைத் திறப்பதே பாவம் என்று அந்த ஊரே சொல்லும். அவள் மடியிலிருந்த கைக்குழந்தையை என் முன்னால் நீட்டினாள்.

"இதுக்குக் குத்துங்க" என்றாள்.

குத்தினேன். குழந்தை வீறிட்டது. உள்ளே பையன் தலையைச் சத்தம் வந்த பக்கம் திருப்பினான். அவளுக்கும் குத்தினேன். அன்றைக்கே ஆபீசில் சொல்லி, மறுநாள் நாலு பேராகப் போய் மிச்சமிருந்த தெருவையும் முடித்தோம். அந்தத் தடவை யாரும் ஓடவில்லை.

ஒரு வாரம் கழித்துக் குழந்தையின் கையைப் பார்க்கப் போனேன். குத்திய இடத்தில் முத்து மாதிரி கொப்புளம் கட்டியிருந்தது. இனி பயமில்லை என்றேன். அவள் தலையாட்டினாள். வேப்பிலை மேல் யாரும் இல்லை. பக்கத்து வீட்டுக் கிழவி ஒருத்தி மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். சாவு வீட்டில் சொல்லிக்கொள்கிற வழக்கம் இல்லை. பேசாமல் படியிறங்கினேன்.

"போயிட்டு வாங்கக்கா" என்றாள் அவள்.

கிழவி பதறிவிட்டாள். "ஏத்தா, இந்த வீட்டுல நின்னுக்கிட்டு அப்படிச் சொல்லலாமா?"

"சொன்னா என்ன. அவுக வரட்டும்."

எத்தனை ஊரில், எத்தனை வாசலில் அந்த ஒரு சொல்லுக்காக நின்றிருக்கிறேன். அன்று அது எனக்கு வேண்டியிருக்கவில்லை. அவள் "போங்கம்மா" என்றே சொல்லிக்கொண்டிருந்து, அந்தப் பயலும் பத்திரமாக இருந்திருந்தால் போதும் என்று இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

தெரு முனையில் பழக்கதோஷத்தில் திரும்பி, அந்தக் கதவிடுக்கைப் பார்த்தேன். கதவு அகலத் திறந்து கிடந்தது.