சுருக்கொப்பமிட்ட மூன்று ஓட்டுகள்

வாக்களித்தவர் இன்னார் என்று காட்டிக்கொடுக்கும் எந்தக் குறி இருந்தாலும் வாக்குச்சீட்டு செல்லாது. எங்கள் ஓய்வூதியர் சங்கத்தின் துணைவிதிகளில் இதைச் சேர்த்தவன் நான்தான். ஆயுள் முழுக்க அரசாங்க வேலை பார்த்தவர்களுக்கு இதையுமா சொல்ல வேண்டும் என்று அப்போது நினைத்தேன். சொல்லியும் பயனில்லை.

சிதம்பரம் கிளைத் தலைவர் தேர்தல் மார்கழி தரிசனம் முடிந்த வாரத்தில் நடந்தது. நின்றவர் என் மனைவியின் தம்பி, ஓய்வுபெற்ற தாசில்தார். எதிர்த்து நின்றவர் அவருடைய அடுத்த வீட்டுக்காரர், ஒரே அலுவலகத்தில் இருந்தவர். காலை டீயை இருவரும் எப்போதும் சேர்ந்துதான் குடிப்பார்கள்.

மச்சான் இரண்டு ஓட்டில் தோற்றார். செல்லாமல் போன மூன்று சீட்டும் அவருக்கு விழுந்தவை. அவரிடம் முன்பு வேலை பார்த்த மூவர் டிக் போட்டுவிட்டு, அதன் கீழே சுருக்கொப்பமும் தேதியும் போட்டிருந்தார்கள். காகிதத்தைக் கண்டாலே ஒப்பமிடும் கைகள், ரகசிய வாக்கு என்றதும் நின்றுவிடுமா?

தோற்றவர் ஜெயித்தவருக்குச் சால்வை போடுவது எங்கள் வழக்கம். அதற்காக வேட்பாளர்கள் ஆளுக்கொரு சால்வையோடு வருவார்கள். மச்சான் பையைத் திறக்காமலே வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாளிலிருந்து டீ தனித்தனி.

மச்சானைப் பார்க்கக் கடலூரிலிருந்து பஸ் ஏறிப் போனேன். பஞ்சாயத்துத் தேர்தல் ஒன்றில் இதே மாதிரிச் சீட்டுகளைத் தள்ளுபடி செய்தவர் அவர்தான் என்று நினைவூட்டினேன். அது பொதுமக்கள் ஓட்டு மாமா என்றார். விதிகள் பொதுமக்களுக்குத்தான் போலிருக்கிறது.

எண்ணி முடித்தாயிற்று, விதியும் எதிராக இருக்கிறது. இதற்குப் பிறகு ஒப்புக்கொள்ள ஒரு மனிதருக்கு என்ன வேண்டும்? முரண்டு பிடிப்பதற்கும் முறை உண்டு, ஆட்சேபணையைத் தேர்தல் அலுவலரிடம் கொடுக்க வேண்டும். அந்த அலுவலரோ மச்சானிடம் இளநிலை உதவியாளராக இருந்தவர்.

"எங்கிட்ட ஃபைல் தூக்கினவனுக்கு நான் 'ஐயா'ன்னு மனு எழுதணுமா?" என்று கேட்டார். எழுதவில்லை. கடலூரில் உள்ள மாவட்டத் தலைமைக்கு எழுதினார். பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஜனநாயகம் என்ற சொல் பத்திக்குப் பத்தி வந்தது.

மாசியில் ஒரு காலை ஜெயித்தவரே வந்து வாசலில் நின்றார். நானும் அங்கே இருந்தேன். வந்தவர் மனைவி போனபின் தனியாக இருப்பவர். அந்தத் தெருவில் அவருக்குப் பேச்சுத்துணை மச்சான் ஒருவர்தான்.

"பதவிய நீங்களே வச்சிக்குங்க. ராஜினாமா எழுதிட்டேன். சால்வையும் வேணாம், டீக்கு மட்டும் வாங்க" என்றார்.

மச்சான் அவர் முகத்தைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "மனு நிலுவையில இருக்கு மாமா. பதில் வராம இவரு எப்படி ராஜினாமா பண்ண முடியும்?"

அப்படி ஒரு விதியே கிடையாது. சொன்னேன். அதற்குள் ஜெயித்தவர் படியிறங்கிப் போயிருந்தார். ஓசூரில் இருக்கும் மகள் வெகுநாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இனி வருகிறேன் என்று சொல்லிவிட்டாராம்.

ஆனித் தேரோட்டத்துக்காக வீதிகளை அடைத்திருந்ததால், சாமான் ஏற்ற வந்த லாரி இரண்டு நாள் ஊருக்கு வெளியே காத்திருந்தது. அது ஒருவழியாக அடுத்த வீட்டு வாசலுக்கு வந்து பீரோவை ஏற்றிக்கொண்டிருந்தபோது, மச்சான் கையில் தபால்காரர் ஓர் உறையைக் கொடுத்தார். உள்ளே ஒரே வரி: உரிய அலுவலருக்கு முகவரியிடப்படாததால் மனு திருப்பி அனுப்பப்படுகிறது. பதில் வந்து சேர்ந்த நாள், ஆனித் திருமஞ்சனத்துக்கு மறுநாள்.