பிடித்துத் தைத்த சட்டை

எங்கள் தெருத் தையற்காரர் யாரிடமும் "இடுப்பு பெருத்துப்போச்சு" என்று சொன்னதில்லை. கேட்காமலே கொஞ்சம் தளர்த்தித் தைத்துவிடுவார். வாடிக்கையாளர்கள் தாங்கள் இளைத்துவிட்டதாக நம்பிச் சந்தோஷமாகப் போவார்கள்.

தையற்காரருக்கு இரைப்பையில் வந்த புற்றுநோய் ஈரல்வரை பரவி, மருத்துவர் கைவிரித்தபின், அவர் வீட்டில் புது அரசாங்கம் அமைந்தது. சமையலறைக்கு மனைவி. ஆலோசனைக்கு மச்சினன், தொலைபேசியிலேயே நோயைக் குணப்படுத்துகிற அபூர்வப் பிறவி. "அக்கா, சாப்பிட்டா தெம்பு வரும், தெம்பு வந்தா நோய் ஓடிடும்" என்பார். நோய்க்கு இந்தத் தர்க்கம் தெரியாததுதான் குறை.

"இன்னும் ஒரே ஒரு வாய்ங்க."

"இதைத்தான் காலையிலேருந்து சொல்றே."

"என் கையால குடுக்குறது அவ்வளவு கசக்குதா?"

கசக்கத்தான் செய்தது. தண்ணீரே கசந்தது. சொன்னால் அழுவாள் என்று விழுங்கினார். பிறகு வாந்தி எடுத்தார்.

சட்டை தொளதொளவென்று ஆக ஆக, கிண்ணம் பெரிதாயிற்று. அவருக்கு வேண்டியதோ ஒன்றுதான்: மிச்ச நாட்களில் மனைவி கரண்டி இல்லாமல் பக்கத்தில் உட்கார வேண்டும். தையற்காரருக்கு மட்டுமே தோன்றக்கூடிய வழி தோன்றியது. மனைவி கடைக்குப் போன சமயங்களில் தம் சட்டைகளைப் பிடித்துத் தைத்தார். இளைப்பு தெரியாவிட்டால் ஊட்டுவது நிற்குமாம்.

"பாத்தீங்களா, சட்டை சிக்குனு நிக்குது! உடம்பு தேறுது!" என்றார் மனைவி. கன்னத்தில் துருத்திய எலும்பை அவர் பார்க்கவில்லை. நம்பிக்கைக்குச் சட்டையே போதும். ஒரு கிண்ணம் இரண்டாயிற்று.

வாந்தியில் நனைந்த சட்டையைக் கழற்றும்போதுதான் மனைவி உள்ளே மடிப்புமேல் மடிப்பாக இருந்த துணியைக் கண்டார்.

"என்ன வேலைங்க இது? யாரை ஏமாத்துறீங்க?"

"உன்னைத்தான். வேற யாரு என்னை நம்புறா?"

வீட்டுக்கு வந்து கவனிக்கும் செவிலியிடம் மனைவி சட்டையைச் சாட்சியாகக் காட்டி முறையிட்டார். செவிலி சொன்னார்: "அம்மா, நீங்க ஊட்டாததால அவர் இளைக்கல. நோய் உருக்குது. எவ்வளவு குடுத்தாலும் ஒட்டாது. கேட்டா குடுங்க. உதட்டை நனைச்சுவிடுங்க."

"அப்ப நான் எதுக்கு?"

அந்த வீட்டில் அதுவரை பேசப்பட்டதில் உருப்படியான கேள்வி அது.

மாலையில் மனைவி வெறுங்கையோடு கட்டிலருகே வந்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல், சுருக்கமே இல்லாத போர்வையை நீவினார்.

"இப்ப நான் என்னங்க பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணாத. உட்காரு."

கொஞ்சம் தள்ளித்தான் உட்கார்ந்தார். தையற்காரர்தான் மெல்ல நகர்ந்து வந்தார்.